நொதித்த தாவரப் புரதத் தீவனம்

நொதித்த தாவரப் புரதத் தீவனம் என்பது சோயா, நிலக்கடலை, பருத்திவிதை முதலியவற்றின் புண்ணாக்கை நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கச் செய்து பெறப்படும் கால்நடைத் தீவனமாகும். கறிக்கோழிக் குஞ்சுகளின் தீவனத்தில் மீன்தூளுக்கும் சாதாரணப் புண்ணாக்கிற்கும் மாற்றாக இதனைச் சேர்க்கலாம். மரவள்ளி, மக்காச்சோளம், கரும்பு ஆகியவை விளையும் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் கல்வராயன் மலையிலும் இம்முறைக்குத் தேவையான சில பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன.

தேவை

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2007 ஆம் ஆண்டு வரையறைப்படி, கறிக்கோழியின் முன்தொடக்கத் தீவனத்தில் 23%, தொடக்கத் தீவனத்தில் 22%, இறுதிக்கட்டத் தீவனத்தில் 20% புரதம் இருத்தல் வேண்டும். மக்காச்சோளத்தில் சுமார் 9% புரதமே உள்ளது. எஞ்சிய தேவையைப் பெரும்பாலும் சோயாப் புண்ணாக்கே நிறைவு செய்கிறது. இந்தியாவில் சோயா மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களில் மிகுதியாக விளைகிறது. ஆகவே, அங்கு ஏற்படும் விலையேற்றம் தமிழகப் பண்ணைகளை நேரடியாகப் பாதிக்கிறது. 2021 இல் விலை கடுமையாக உயர்ந்தபோது, மரபணு மாற்றப்பட்ட சோயாவின் புண்ணாக்கு 12 இலட்சம் டன்னை இறக்குமதி செய்ய இந்திய அரசு அனுமதித்தது.

நொதித்தலின் பயன்கள்

- சோயாவில் உள்ள டிரிப்சின் தடுப்பான்கள் புரதச் செரிமானத்தைக் குறைக்கின்றன. வெப்பமும் நொதித்தலும் இவற்றைச் சிதைக்கின்றன.
- ராஃபினோசு, இசுடாக்கியோசு ஆகிய சர்க்கரைகளைக் கோழியால் செரிக்க இயலாது. நுண்ணுயிர்கள் இவற்றை உட்கொள்கின்றன.
- தாவரப் பாசுபரசில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஃபைட்டேட்டாகப் பிணைந்துள்ளது. நொதிகள் இதன் ஒரு பகுதியை விடுவிக்கின்றன.
- இலாக்டிக் அமிலம் உண்டாகும்போது தீங்கு செய்யும் பாக்டீரியாக்களின் வளர்ச்சி தடைப்படுகிறது. கொலிசுட்டின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுப்பதை இந்தியா 2019 இல் தடை செய்தது. இத்தகைய தடைகளால் குடல் நலம் காக்கும் தீவனங்கள் கவனம் பெற்றுள்ளன.

செய்முறை

புண்ணாக்கில் ஈரப்பதம் 40 முதல் 50% வரை இருக்குமாறு நீர் சேர்த்து, ஆவியில் வேகவைத்து ஆறவிடுவர். பின்னர் பேசில்லசு சப்டிலிசு, இலாக்டோபேசில்லசு, ஆசுபர்சில்லசு ஒரைசே ஆகியவற்றுள் தக்கதைக் கலந்து, 30 முதல் 37 பாகை செல்சியசு வெப்பத்தில் இரண்டு மூன்று நாள்கள் வைப்பர். கரும்பாலைக் கழிவுப்பாகு சிறிதளவு சேர்த்தால் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். இறுதியில் ஈரப்பதம் 12 விழுக்காட்டிற்கும் கீழே குறையும்வரை உலர்த்துவர்.

நொதித்தல் தானாகப் புரதத்தைப் படைப்பதில்லை. 46 கிலோ புரதம் கொண்ட 100 கிலோ புண்ணாக்கில் 6 கிலோ மாவுச்சத்து செலவானால், மிஞ்சும் 94 கிலோவில் அதே 46 கிலோ புரதம் சுமார் 49 விழுக்காடாகத் தோன்றும். உண்மையான ஆதாயம் செரிமானத்தன்மை கூடுவதே ஆகும்.

மரவள்ளித் திப்பி

சின்னசேலம், ஆத்தூர் பகுதிகளின் சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவு எடுத்தபின் எஞ்சும் சக்கை திப்பி எனப்படும். இதில் மாவுச்சத்து மிகுதி; புரதம் மிகக் குறைவு. யூரியா அல்லது அம்மோனியம் சல்பேட்டு போன்ற நைட்ரசன் மூலத்தைச் சேர்த்துப் பூஞ்சை வளர்த்தால் மட்டுமே இதன் புரதம் கூடும். எனினும் இது சோயாவிற்கு ஈடாகாது. மக்காச்சோளத்தின் ஒரு பகுதிக்கே மாற்றாகும். மேலும், யூரியா முற்றிலும் பயன்படாமல் எஞ்சினால் கோழிக்குத் தீங்கு விளையும். மரவள்ளியில் உள்ள லினமாரின் சிதைந்து நச்சான ஐதரசன் சயனைடு உண்டாகிறது. நன்கு உலர்த்துதலும் நொதித்தலும் அதனைக் குறைக்கின்றன.

வரம்புகள்

தூய வித்து நுண்ணுயிர் இன்றி ஈரப் புண்ணாக்கைக் குவித்து வைப்பது நொதித்தல் ஆகாது. அதில் ஆசுபர்சில்லசு ஃபிளேவசு வளர்ந்து அஃபிளநச்சு உண்டாகலாம். 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் நச்சேறிய நிலக்கடலைப் புண்ணாக்கால் இறந்தன. நொதிக்கவைப்பதால் இந்நச்சு முழுமையாக நீங்கும் எனக் கொள்ளலாகாது.

ஒப்பந்த முறையில் வளர்ப்போர் குஞ்சையும் தீவனத்தையும் நிறுவனத்திடமிருந்தே பெற்று, வளர்ப்புக் கூலி பெறுகின்றனர். எனவே தீவனத்தை மாற்றும் உரிமை அவர்களிடம் இல்லை. சொந்தமாகத் தீவனம் கலக்கும் சிறு பண்ணையாளரும் நாட்டுக்கோழி வளர்ப்போருமே இதனைத் தாமாக மேற்கொள்ள இயலும். உலர்த்தும் செலவும் தீவனப் பரிசோதனைக் கட்டணமும் சோயாவில் மிச்சப்படும் தொகையை விஞ்சாதபோதே இம்முறை இலாபம் தரும்.

இவற்றையும் பார்க்க

- மரவள்ளி
- கல்வராயன் மலை
- கோழி வளர்ப்பு
- நொதித்தல்