கஞ்சி மட்டும் போதாது: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் உணவும் அன்றாட வாழ்வும்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பயன் நிலைப்பதும் நிலையாமற் போவதும் பெரும்பாலும் அதற்குப் பிந்தைய மாதங்களில், வீட்டுச் சமையலறையில்தான் முடிவாகின்றன. இத்தகைய அறுவை சிகிச்சைகள் மதுரை, கோவை, சென்னை போன்ற நகரங்களிலேயே மிகுதியாக நடைபெறுகின்றன. அட்டுவம்பட்டி, வில்பட்டி, பள்ளங்கி, பெருமாள்மலை முதலிய ஊர்களைச் சேர்ந்தோர் சிகிச்சை முடிந்து மலையேறிவிட்டால், அறுவை செய்த மருத்துவர் பல மணி நேரப் பயணத் தொலைவில் இருப்பார். ஆகவே எதை உண்பது, எதைத் தவிர்ப்பது, எப்போது காத்திராமல் மலையிறங்குவது என்பவற்றை நோயாளியும் குடும்பத்தாரும் தெளிவாக அறிந்திருத்தல் இன்றியமையாதது.

2019–21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். இவர்களுள் மிகச் சிலருக்கே அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. ஆயினும் அதை மேற்கொள்வோர் இன்று சிற்றூர்களிலும் உள்ளனர் என்பதால் இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

வயிற்றினுள் நிகழ்ந்த மாற்றம்

‘ஸ்லீவ்’ எனப்படும் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பகுதிக்கும் மேல் அகற்றப்பட்டு, எஞ்சியது ஒரு குழாய் போல ஆக்கப்படுகிறது. ‘பைபாஸ்’ முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பை அமைக்கப்பட்டு, அது நேரடியாகச் சிறுகுடலுடன் இணைக்கப்படுகிறது. இவ்விரண்டிலும் ஒருவேளைக்கு உண்ணக்கூடிய அளவு மிகவும் சுருங்கிவிடுகிறது; பைபாஸ் முறையில் சத்துகள் உறிஞ்சப்படுவதும் குறைகிறது. எனவே உள்ளே செல்லும் ஒவ்வொரு கரண்டி உணவும் சத்துள்ளதாக இருத்தல் வேண்டும்.

உணவு படிப்படியாகவே மாறும். முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர்மங்கள். இரண்டாம் வாரம் முடியும் வரை மோர், பால், வடிகட்டிய பருப்புச் சாறு போன்றவை. மூன்றாம், நான்காம் வாரங்களில் மசித்த உணவு. ஐந்தாம் வாரம் முதல் மென்மையான உணவு. ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின் வழக்கமான உணவு சிறு அளவில். இந்தக் கால அளவு மருத்துவருக்கு மருத்துவர் சற்று வேறுபடும். உங்களுக்கு எழுதித் தரப்பட்ட தாளையே பின்பற்றுங்கள். அடுத்த வீட்டாருக்குத் தரப்பட்டதையன்று.

கஞ்சி ஏன் போதாது?

உடல் நலமில்லையெனில் கஞ்சி கொடுப்பது நம் மரபு. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அது ஏற்றதே. ஆனால் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், “எதுவும் தங்கவில்லை, கஞ்சி மட்டுமே இறங்குகிறது” என்று வாரக்கணக்கில் இருந்துவிடுவது ஆபத்தானது. காரணம், தயமின் எனும் வைட்டமின் பி1.

இந்த உண்மைக்கும் தமிழகத்தின் மற்றொரு மலை நகருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1918ஆம் ஆண்டில் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தில் ஒரேயோர் அறையில், இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே பெரிதும் உண்போரைத் தாக்கிய அந்நோய், தவிட்டோடு நீங்கிவிடும் தயமின் சத்தின் குறைபாட்டால் வருவதாகும். அந்தச் சிறு ஆய்வகமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

நம் உடல் தயமினை மிகக் குறைவாகவே சேமித்து வைக்கிறது. வரவு நின்றால் இரண்டு, மூன்று வாரங்களில் இருப்புக் கரைந்துவிடும். புழுங்கலரிசியில் பச்சரிசியைவிட இச்சத்து கூடுதலாகத் தங்கியிருந்தாலும், சில கரண்டிக் கஞ்சியால் உடலின் தேவையை நிறைவு செய்ய இயலாது. அறுவைக்குப் பின் முதல் மூன்று மாதங்களில் அடிக்கடி வாந்தி எடுப்பவருக்கும், வைட்டமின் மாத்திரையை நிறுத்திவிட்டவருக்கும் இக்குறைபாடு விரைவில் நேரக்கூடும். பார்வை இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், மனக்குழப்பம், பாதங்களில் மரமரப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். உடனே கவனித்தால் குணப்படுத்தலாம்; காலம் தாழ்த்தினால் நினைவாற்றலும் நடையும் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

இங்கே குடும்பத்தார் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சோர்ந்து படுத்தவரை அருகிலுள்ள மருத்துவரிடம் அழைத்துச் சென்று, “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்” என்று கேட்பது நம்மிடையே வழக்கம். தயமின் குறைந்திருக்கும் உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், அந்தச் சர்க்கரையை எரிக்க எஞ்சியிருக்கும் தயமினும் செலவாகி, மூளைப் பாதிப்பு விரைந்து தோன்றக்கூடும். ஆகவே எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்பதையும், எத்தனை நாளாக வாந்தி என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். குளுக்கோசுக்கு முன்பாகவோ அதனுடனோ தயமின் ஊசி செலுத்துவது மருத்துவர் நன்கறிந்த முறையே. நீங்கள் சொன்னால்தான் அதன் தேவை அவருக்குத் தெரியவரும்.

குளிரில் மறந்துபோகும் தண்ணீர்

அறுவைக்குப் பின் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்வதற்கு நீரிழப்பு முக்கியமான காரணங்களுள் ஒன்று. நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை நீர்மம் தேவை. சமவெளியில் வெயில் தாகத்தை நினைவூட்டும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும், மார்கழி, தை மாதக் குளிரில் தாகமே தோன்றாது. சுருங்கிய இரைப்பையோ ஒரே மூச்சில் ஒரு தம்ளர் நீரை ஏற்காது.

எனவே அளவு குறித்த ஒரு லிட்டர் பாட்டிலிலோ வெந்நீர்க் குடுவையிலோ இளஞ்சூடான நீரை வைத்துக்கொண்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு மிடறு பருகுங்கள். நண்பகலுக்குள் பாதி முடிந்ததா என்று வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்வது நல்லது. உணவோடு நீர் அருந்தாதீர்கள். உண்டபின் அரைமணி நேரம் கழித்தே பருகுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாக இருப்பதும் எழுந்து நிற்கையில் தலைசுற்றுவதும் நீர் போதவில்லை என்பதன் அடையாளங்கள்.

சந்தையில் கிடைக்கும் புரதம்

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். சோர்வும் முடியுதிர்வும் மிகும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், 200 மில்லிலிட்டர் பாலில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம், 50 கிராம் பனீரில் 9 கிராம், ஒரு கிண்ணம் வெந்த பருப்பில் 8 கிராம் புரதம் உண்டு. இரண்டு முட்டை, ஒரு தம்ளர் பால், ஒரு கிண்ணம் பருப்பு, சிறிது பனீர், இருவேளையாகப் பகிர்ந்த மீன், கொஞ்சம் தயிர் ஆகியவை சேர்ந்தால் ஏறத்தாழ 60 கிராம் கிடைத்துவிடும். தொடக்க வாரங்களில் இவ்வளவும் இறங்காது. அப்போது மருத்துவர் கூறும் புரதப் பொடி துணைபுரியும். சைவ உணவினர் பருப்பு, தயிர், பனீர், சோயா ஆகியவற்றை ஒவ்வொரு வேளையிலும் தவறாது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் மலைச் சந்தையில் கிடைக்கும் பட்டர் பீன்சும் பச்சைப் பட்டாணியும், வழக்கமான உணவுக்குத் திரும்பியபின் நல்ல துணை. ஒன்றை நினைவிற்கொள்ளுங்கள்: இவ்வளவு உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு மாறாக ஏறத்தாழ 93 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பும் பயறும் எளிதில் குழையா. ஆதலால் குக்கரில் நன்கு வேகவைத்து, மசித்துக் கொடுங்கள்.

தட்டில் முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் சோறு என்னும் வரிசையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சிறு கிண்ணத்தில், சிறு கரண்டியால், ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும்வரை மென்று, இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொண்டு உண்ணுங்கள். நெஞ்சடைப்பது போலத் தோன்றியதும் நிறுத்திவிடுங்கள். “இன்னும் ஒரு வாய்” என்ற அன்பான வற்புறுத்தலே பல வீடுகளில் வாந்திக்குக் காரணமாகிறது.

இனிப்பும் பிரசாதமும்

இனிப்பு மிகுந்த உணவு சுருங்கிய இரைப்பையில் தங்காமல் குடலுக்குள் விரைந்து இறங்கும்போது, அரைமணி நேரத்திற்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுவலி, பேதி ஆகியவை தோன்றலாம். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை இறங்கி, நடுக்கமும் மயக்கமும் வரும். பைபாஸ் செய்துகொண்டோரிடம் இது மிகுதி. வாழைப்பழம், வெல்லம், தேன், பேரீச்சை, கற்கண்டு எல்லாம் சேர்ந்த பழனிப் பஞ்சாமிர்தமும், கொடைக்கானல் கடைகளின் சாக்லேட்டும் இவ்வகையினவே. பிரசாதத்தை மறுக்க மனம் வராதோர் முதல் மாதங்களில் நெற்றியில் திருநீறு அணிந்து, பஞ்சாமிர்தத்தை வீட்டாருக்கு அளித்துவிடலாம். குளிருக்கென்று மது அருந்துவோர் அதை அறவே விட்டுவிட வேண்டும். அறுவைக்குப் பின் மது இரத்தத்தில் வெகு விரைவாக ஏறுகிறது.

வாழ்நாள் முழுவதும் மாத்திரைகள்

எடை குறைந்து உடல் தெம்பானதும் பலர் மாத்திரைகளை நிறுத்திவிடுகின்றனர். பல்வகை வைட்டமின், பி12, வைட்டமின் டி, கால்சியம், இரும்பு ஆகியவை மருத்துவர் சொன்ன அளவில் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியவை. கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையை ஒட்டித் தேநீர் அருந்தினால் அச்சத்து உடலில் சேருவது குறையும். மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கி விழுங்குவது இரைப்பைப் புண்ணுக்கு வழிவகுக்கும். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளின் பழைய அளவு இப்போது மிகையாகிவிடக்கூடும். அவற்றை மருத்துவரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அமைந்திருப்பதால், விடுதியிலும் பணியிடத்திலும் உண்ணும் பெண்கள் இங்குப் பலர். அத்தகையோர் அவித்த முட்டை, சுண்டல், தயிர் போன்றவற்றைச் சிறு டப்பாவில் உடன் கொண்டுசெல்லலாம். மாதவிலக்குக் காலத்துப் பெண்களுக்கு இரும்புச்சத்தின் தேவை கூடுதல். அறுவைக்குப்பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருவுறுதலைத் தள்ளிவைப்பது தாய்க்கும் குழந்தைக்கும் நல்லது. அதற்கான முறையை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

உழைப்பும் உள்ளமும்

வீடு திரும்பிய நாளிலிருந்தே சமதரையில் சிறுநடை தொடங்கலாம். மேடேறும் நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். விறகுக்கட்டு, தண்ணீர்க்குடம், காய்கறி மூட்டை ஆகியவற்றை முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்குத் தூக்காதீர்கள். பரிசோதனைக்காக மலையிறங்கும்போது மணிக்கொரு முறை வண்டியை நிறுத்தி நடந்துகொடுங்கள். நெடுநேரம் கால் மடக்கி அமர்ந்திருந்தால் கால் நரம்பில் இரத்தம் உறையக்கூடும்.

மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவது பலருக்கும் நேர்வது. சத்துகள் சரியாக இருந்தால் பெரும்பாலும் மீண்டும் வளரும். எடை சில வாரங்கள் குறையாமல் நிற்பதும் இயல்பே. “இவ்வளவு செலவு செய்தும் இவ்வளவுதானா?” என்று உறவினர் கேட்கும் ஒரு சொல், நோயாளியை மருத்துவமனைப் பக்கமே வராமற் செய்துவிடும். துக்கத்தையும் தனிமையையும் உணவால் ஆற்றிக்கொண்டு வந்தவருக்கு இப்போது அந்த வழியும் அடைபட்டிருக்கிறது என்பதைக் குடும்பத்தார் உணர வேண்டும். அவர் மனச்சோர்வைப் பற்றிப் பேசினால் செவிகொடுங்கள். அதற்கும் மருத்துவம் உண்டு.

காத்திராமல் வரவேண்டிய நேரங்கள்

கீழ்க்கண்டவற்றை ஓர் அட்டையில் எழுதி, அறுவையின் பெயர், நாள், மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றோடு சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

காய்ச்சல், மிகுந்த நெஞ்சுப் படபடப்பு, தணியாத வயிற்றுவலி, இடத்தோள் வலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், கறுத்த மலம் அல்லது இரத்த வாந்தி: இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே 108ஐ அழையுங்கள். ஒரு நாளுக்கு மேல் நீரும் தங்காத வாந்தி, பார்வை இரட்டித்தல், நடை தள்ளாடுதல், குழப்பம் ஆகியவை இருந்தால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். மூடுபனி விலகட்டும், விடிந்தபின் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அட்டையின் பின்புறத்தில் ஒரு வரியைத் தெளிவாக எழுதிவையுங்கள்: “எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் தேவையா என்று பார்க்கவும்.”