ஆடி வெள்ளத்துக்கு மேலே இரண்டு ஏரிகள்

ஆடிப் பதினெட்டு அன்று அம்மா மண்டபத்துப் படித்துறையில் நின்றால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். மேலே வானம் வெளுத்துக் கிடக்கும். காற்று புழுதியை வாரி இறைக்கும். திருச்சியில் உருப்படியாக ஒரு மழை பெய்திருக்காது. ஆனால் காலடியில் காவிரி கலங்கலாகப் பெருகி ஓடும். "மேட்டூர் திறந்தாச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். அது பாதி விடைதான். மேட்டூருக்குக் கீழே, பவானி கூடுதுறையில் வந்து கலக்கிற தண்ணீரும் நல்ல மழை வருஷங்களில் முக்கொம்பு வரை வருகிறது. அந்தத் தண்ணீர் புறப்படும் இடங்களில் ஒன்றைப் பார்க்கத்தான் ஒரு ஜனவரியில் ஊட்டிக்கு மேற்கே போனோம்.

அவலாஞ்சி, எமரால்டு. ஊட்டியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், காட்டுக்கு நடுவே கிடக்கும் இரட்டை ஏரிகள். ஊட்டி ஏரியின் படகு இரைச்சல் இங்கே கிடையாது. ஏரி என்று சொல்கிறோமே தவிர, இரண்டும் அணை கட்டித் தேக்கியவை. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு உருவான குந்தா நீர்மின் திட்டத்தின் பிள்ளைகள். இங்கிருந்து இறங்கும் தண்ணீர் குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று வழிநெடுக மின்நிலையங்களில் சுழலிகளைச் சுழற்றிவிட்டு, பவானியாகி, பவானிசாகரில் தங்கி, பிறகு காவிரியைச் சேர்கிறது. ஒரே தண்ணீர் நாலைந்து இடத்தில் சம்பளம் வாங்குகிறது!

அவலாஞ்சி என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த பெரும் சரிவால் வந்தது. ஆங்கிலத்தில் பனிச்சரிவைக் குறிக்கும் சொல் அது; இங்கே சரிந்தது மண். இங்கே பெய்யும் மழையைக் கேட்டால் மண் சரிந்ததில் ஆச்சரியம் வராது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் சுமார் 91 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்சிக்கு ஒரு வருஷம் முழுக்கச் சராசரியாகக் கிடைப்பதைவிட அதிகம்.

இவ்வளவு மழையையும் யார் பிடித்து வைக்கிறார்கள்? மரம்தான் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

காலை ஏழு மணிக்கு ஏரிக்கு மேலேயுள்ள புல்மேடு வெள்ளையாக இருந்தது. உறைபனி. குனிந்து ஒரு புல்தூரை விலக்கினேன்; மேலே தாள் மொடமொடவென்று காய்ந்திருந்தது, அடியில் மண் கன்னங்கரேலென்று, கையில் ஈரம் ஒட்டியது. மேட்டின் மடிப்புகளில் மட்டும் குட்டையான, முறுக்கிக்கொண்ட மரங்கள், கிளையெல்லாம் பாசி. அதுதான் சோலை. திறந்த மேட்டில் சோலை மரத்தின் கன்று முளைத்தால் உறைபனி கருக்கிவிடுகிறது. அதனால் மேடு புல்லுக்கு, மடிப்பு மரத்துக்கு என்று ஒரு பாகப்பிரிவினை.

வெள்ளைக்காரர்கள் இந்தப் புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்தார்கள். மரத்தை வெட்டியதால் வந்த புல் என்றும் சிலர் நம்பினார்கள். நீலகிரியின் சதுப்பு மண்ணைத் தோண்டி, அதில் படிந்த கரிமத்தை ஆராய்ந்த சூழலியலாளர் ரா. சுகுமார் குழுவினர் 1993இல் 'நேச்சர்' இதழில் வேறு கதை சொன்னார்கள். புல்லும் மரமும் மண்ணில் விட்டுச் செல்லும் கரிமத்தின் கைரேகை வேறு வேறு. அதை வைத்துப் பார்த்தால் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்திருக்கிறது. கோடரி வந்தது நேற்று.

தரிசு என்று நினைத்த இடத்தில் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரத்தையும், விறகுக்காகத் தைல மரத்தையும் நட்டார்கள். தைல மரத்துக்கு அங்கே கற்பூர மரம் என்று பெயர். நீலகிரியிலேயே உள்ள கிளன்மார்கனில் மண்வள ஆராய்ச்சியாளர்கள் அருகருகே இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை அப்படியே விட்டு, மற்றதில் பாதிக்கு மேல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டில் ஓடிவந்த தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரம் மறுபடி தழைத்த அடுத்த சுற்றில் 25 சதவீதம். காரணம் எளிது. புல் பனியில் காய்ந்ததும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்கிறது. கற்பூர மரத்துக்கு ஓய்வு கிடையாது; ஆழமாக வேர் விட்டுக் கோடையிலும் உறிஞ்சுகிறது.

மரம் நடுவிழா என்றாலே கைதட்டிப் பழகிய நமக்கு இதைக் கேட்கக் கொஞ்சம் சங்கடம்தான். திருச்சியில் நடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் புல்மேட்டில் நட்டால் குறைவது நம் ஆற்றுத் தண்ணீர்.

அவலாஞ்சிக் காட்டுக்குள் வனத்துறை வண்டியில்தான் போக முடியும். கனமழை நாட்களில் மூடிவிடுவார்கள். போகிறவர்கள் ஏரியைப் படம் எடுத்து முடித்ததும் கரைக்கு மேலே ஒரு பார்வை பாருங்கள். நெருக்கமாக, நேராக, ஒரே உயரத்தில் நிற்பது சீகை. மடிப்புக்குள் குறுகிக் கிடப்பது சோலை. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்துவிட்டால் டிக்கெட் காசு வீண் போகவில்லை.