காலராவும் வாய்வழி உப்புநீரும்

1971-ஆம் ஆண்டு, வங்கதேசப் போரினால் எல்லை கடந்து வந்த அகதிகளிடையே காலரா கடுமையாகப் பரவியது. கல்கத்தாவிலிருந்து போங்காவ் முகாமுக்குச் சென்ற டாக்டர் திலீப் மகலனோபிஸ், சிரைவழிச் செலுத்தும் உப்புநீர் தீர்ந்துவரக் கண்டார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என நிறுத்த பொட்டலங்கள் கல்கத்தாவில் தயாராயின. கரைசலை உறவினர்களே புகட்டினர். ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த மரணம், இச்சிகிச்சை பெற்றோரிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது.

காரணம் யாதெனில், காலரா நஞ்சு குடலினின்று நீரை வெளியேற்றினும், குளுக்கோசுடன் சோடியத்தை ஏற்கும் குடலின் ஆற்றல் குன்றுவதில்லை. சோடியத்தைத் தொடர்ந்து நீரும் உட்செல்கிறது.

ஆகவே களப்பணியாளர் முதலில் அறிய வேண்டியது, நோயாளி இழந்த நீரின் அளவேயாகும். கிருமியை ஆராய்தல் பின்னர் நிகழலாம். கண்கள் குழிந்து, கிள்ளிய தோல் மெல்ல மீளுமாயினும், குடிக்க இயன்றவருக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாக உடனே புகட்டுக. பொட்டலத்தில் குறித்த அளவு நீரிலேயே அதனைக் கரைத்தல் வேண்டும். நினைவு தடுமாறினாலோ, நாடி புலப்படாவிட்டாலோ, குடிக்க இயலாவிட்டாலோ, சிரைவழிச் சிகிச்சைக்கு ஒரு கணமும் தாமதியாது அனுப்புக. குடிக்கக்கூடியவர் குடித்தமையால் மிஞ்சிய புட்டிகளே, போங்காவில் குடிக்க இயலாதவரைக் காத்தன.