கடலின் பஞ்சாங்கமும் கடனின் பஞ்சாங்கமும்

இராமநாதபுரம் சீமையில் இன்று ‘மானியம்’ என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் மனத்தில் உடனே எழுவது வங்கி வாசலில் நிற்கும் வரிசையும், விண்ணப்பப் படிவமும், அதனோடு இணைக்கவேண்டிய நகல்களுமே. ஆனால் சேதுபதி மன்னர்கள் கோயில்களுக்கும் மடங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் செப்பேடு எழுதிக் கொடுத்த காலத்தில் அந்தச் சொல் ரொக்கத்தைக் குறிக்கவில்லை, வரி நீக்கி விடப்பட்ட நிலத்தைக் குறித்தது. ஊருக்குப் பொதுவான ஒரு பணியைச் செய்பவனுக்கு, அந்தப் பணி நடக்கும் வரையில் அவனும் அவன் சந்ததியாரும் அனுபவிக்கும்படி நிலத்தை விட்டுவிடுவார்கள். அந்த மானியத்துக்கு அவசரம் கிடையாது. மார்ச்சு 31ஆம் தேதிக்குள் செலவாகியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தோடு வந்து இறங்குகிற இன்றைய மானியத்துக்கு அவசரத்தைத் தவிர வேறொன்றும் கிடையாதோ என்றுகூடச் சில சமயம் தோன்றுகிறது. மண்ணையும் நீரையும் கடலையும் காப்பதற்கென்று அரசு கொடுக்கும் பணம் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்து வருகிறது, எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திரும்பக் கேட்கப்படுகிறது என்ற கேள்வி, இந்தக் கரையில் சில நாள் சுற்றி வந்தவனுக்கு எழாமல் போகாது.

கரையிலிருந்து உள்ளே, கண்மாயில் தொடங்குவோம். வைகையானது பெரும்பாலான ஆண்டுகளில் கடல் முகத்தைக் காணாமலே இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு ஓய்ந்துவிடுகிற இந்தப் பிரதேசத்தில், ஐப்பசி கார்த்திகையில் பெய்வதைப் பிடித்து வைத்தால் உண்டு, தவறினால் அடுத்த ஐப்பசி வரை வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். இராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பார்கள். அத்தனை நீளக் கரையும் அத்தனை மடைகளும் ஒருவருக்குச் சொந்தமல்ல, ஒருவரால் பராமரிக்கக் கூடியதும் அல்ல. குடிமராமத்து என்று பெயர் பெற்ற ஏற்பாடு, வீட்டுக்கு ஓர் ஆள் என்று மண்வெட்டியோடு இறங்கி வரத்துக்காலை வெட்டிக் கரையை உயர்த்திய அந்தப் பழைய வழக்கம், இப்படிப்பட்ட நீர்நிலைகளால் பிறந்ததே. வழக்கம் தளரக் கண்ட ஆங்கில அரசு 1858இல் சென்னை மாகாணத்துக்கு ஒரு சட்டமே இயற்றி, வேலைக்கு வராதவனிடம் பணம் வசூலிக்க வழி செய்தது. சட்டம் வந்ததும் வழக்கம் உயிர்பெற்று எழுந்துவிடவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பின் வந்த 1883ஆம் ஆண்டின் நில அபிவிருத்திக் கடன் சட்டம், என் அபிப்பிராயத்தில், இன்றைய திட்ட அதிகாரிகள் ஒருமுறையேனும் எடுத்துப் புரட்ட வேண்டிய ஒன்று. தக்காவிக் கடன் என்று கிராமத்தார் வாயில் வழங்கிய கடன் அது. கிணறு வெட்ட, குளம் அமைக்க, கரை போட என்று கொடுத்தார்கள். கட்டத் தவறினால் நிலவரிப் பாக்கியைப் போலவே வசூலித்தார்கள். அந்தக் கண்டிப்பான சட்டமே, திருப்பிச் செலுத்தும் காலம் சாதாரணமாக 35 ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது என்று எழுதியது. முப்பத்தைந்து ஆண்டு! ஒரு கிணற்றின் பயன் ஒரு தலைமுறைக்கு நீளும், ஆகவே கடனும் ஒரு தலைமுறைக்கு நீளலாம் என்ற கணக்கு, நம்மிடம் வரி வாங்கிய அந்நியனுக்குத் தெரிந்திருந்தது. கிராம சமுதாயத்தார் கூட்டாகக் கடன் பெற்று, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக்கொள்ளவும் அதில் இடம் இருந்தது. இன்றைய சுயஉதவிக் குழுக் கடனின் பாட்டனார் அவர்தான் என்று சொல்லலாம். ஆயினும் ஒரு சிக்கல் அன்றைக்கும் தீரவில்லை: தன் கிணற்றுக்குத் தன் நிலத்தை ஈடு காட்டலாம், நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்க்கு எவன் எதை ஈடு காட்டுவான்?

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்து கண்மாய்கள் சர்க்கார் வசமானபோது இந்தக் கேள்விக்கு ஒரு சுலபமான விடை கிடைத்தது போல் தோன்றியது. கண்மாய் அரசாங்கத்தினுடையது, ஆகவே மராமத்தும் அரசாங்கத்தினுடையது. அந்த விடையின் பலனைக் கண்மாய் உள்வாயில் நீருக்குப் பதிலாக நிறைந்து நிற்கும் சீமைக்கருவேலக் காட்டில் காணலாம். 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரையே மீட்டெடுத்து, 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளை முதல் கட்டமாக அறிவித்து, செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டு விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று வகுத்தது. அந்தப் பத்தில் ஒன்று என்ற ஏற்பாட்டில்தான் திட்டத்தின் ஜீவன் இருந்தது. சில ஊர்களில் சங்கத்தின் பெயர் முன்னே நிற்க, ஒப்பந்தக்காரர் பின்னே நின்றார் என்ற புகார்கள் எழுந்ததும் உண்மை. ஊரார் கை வைக்காத கண்மாயில் அடுத்த மழைக்குப் பின் யார் கரையைப் பார்ப்பது என்ற கேள்வி மறுபடியும் அங்கேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கடலில் இந்தச் சிக்கல் பன்மடங்காகிறது. பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வது இக்கரையில் வழக்கம். அந்த ஆண்கடலில் இருக்கும் 21 தீவுகளையும் சுற்றிய 560 சதுர கிலோமீட்டரை 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. சுண்ணாம்புக்கென்று பவளப்பாறையை வெட்டி எடுத்ததன் விளைவாகப் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் ஏற்கெனவே நீருக்கடியில் போய்விட்டன. பவளம் எடுப்பதும் கடல் அட்டை பிடிப்பதும் குற்றமென்று சட்டம் சொல்லிவிட்ட பிறகு, அவற்றை நம்பி முக்குளித்தவன் மறுநாள் அடுப்பை எதைக் கொண்டு மூட்டுவது?

அதற்காகத்தான் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை அமைந்தது. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் கொடை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியாக வர, மத்திய மாநில அரசுகளின் பணமும் சேர்ந்து, அதன் திட்டம் 2002இல் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் நடந்தது. கரையோரக் கிராமங்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்களை ஏற்படுத்தி, அவற்றின் கையில் ஒரு முதலைக் கொடுத்து, அம்முதலிலிருந்து உறுப்பினர்களுக்குச் சிறு கடன் வழங்கச் செய்தார்கள். அரசிடமிருந்து ஊருக்கு வரும்போது அது கொடை. ஊருக்குள் கை மாறும்போது அது கடன். திரும்பி வரும்போது ஊருக்கே முதல். இந்த ஏற்பாட்டில் நான் வியக்கும் அம்சம் ஒன்றுண்டு. வலை பின்னவோ ஆடு வாங்கவோ பெட்டிக்கடை வைக்கவோ கடன் பெற்றவள் வாடைக் காலத்தில் இரு மாதம் கட்டவில்லையென்றால், காரணம் என்ன என்று குழுவில் எவரும் கேட்கத் தேவையில்லை. அவர்கள் வீட்டுப் படகும் அதே கரையில்தான் கவிழ்த்துப் போடப்பட்டிருக்கும்.

இனி, இதே கரையில் மாற்றுத் தொழிலாக வந்த கடற்பாசி வளர்ப்பு. மண்டபத்தை அடுத்த முனைக்காட்டிலும் இராமேசுவரம் தீவின் சம்பை முதலிய கரைகளிலும் காலை வேளையில் போனால், மணலில் கால் நீட்டி உட்கார்ந்து பெண்கள் கயிற்றில் நாற்றுக் கட்டுவதைப் பார்க்கலாம். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் சட்டம். நான்கு மூலையிலும் குறுக்கு மூங்கில். அதில் இருபது கயிறுகள். கயிற்றுக்கு இருபது இடத்தில், சுமார் 150 கிராம் எடையுள்ள பாசித் துண்டைச் சிறு நூலால், நழுவாமலும் அறுபடாமலும், முடிய வேண்டும். ஆகக்கூடி அறுபது கிலோ விதை. மீன் மேய்ந்துவிடாமல் மிதவையின் அடியில் ஒரு வலை. நாற்பத்தைந்து நாளில் அது ஏறக்குறைய 260 கிலோவாக விளைந்து நிற்கும். அறுபதை மறுபடி விதைக்கு எடுத்துவிட்டு மீதியைக் காயப்போடுவார்கள். ஆளுக்கு 45 மிதவை, நாளுக்கு ஒரு மிதவை அறுவடை என்று இதைச் சுழற்சியாக வகுத்தவர்கள், கடலை ஒரு மாதச் சம்பளக்காரனாக மாற்ற முயன்றார்கள் என்பது தெளிவு. மாதச் சம்பளம் இருந்தால்தானே மாதத் தவணை கேட்க முடியும்!

கப்பாபைகஸ் என்பது இதன் சாஸ்திரப் பெயர். ஊரில் பெப்சி பாசி. மண்டபத்தில் இருக்கும் மத்திய உப்பு, கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்த இந்த அந்நியப் பாசியை, 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பெப்சி நிறுவனம் தொழிலாக இங்கே பரப்பியதால் அப்பெயர். சுயஉதவிக் குழுக்களுக்கு வங்கிக் கடனும் அரசு மானியமும் கிடைக்க, மிதவைகள் பெருகின. 2005 டிசம்பரில் அரசாணை ஒன்று, பூங்காவைத் தவிர்த்து, பாக் நீரிணைக்கு வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலுமே இதை வளர்க்கலாம் என்று எல்லை கட்டியது. ஆனால் 2008இல் பூங்காவைச் சேர்ந்த குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின்மேல் இப்பாசி படர்ந்து மூடியிருப்பதாக விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அப்படி ஆக்கிரமிக்கும் இயல்பு அதற்கில்லை என்று மறுத்த விஞ்ஞானிகளும் உண்டு. வாதம் எப்படியாயினும், வனத்துறையினர் ஆள் வைத்துப் பவளத்தின்மேலிருந்து அதைக் கையால் பிய்த்து எடுக்க வேண்டியதாயிற்று. கடலைக் காப்பாற்ற என்று ஒரு கை கொடுத்த பணம் நட்டதை, கடலைக் காப்பாற்ற என்று மறு கை கொடுத்த பணம் பிடுங்கிய அந்தக் காட்சியைக் குருசடையில்தான் காண முடியும்.

2012–13இல் உச்சத்தைத் தொட்ட விளைச்சல், அதன்பின் கடல்நீர் சூடேறியதால் பெருமளவு அழிந்து வீழ்ந்தது. விதையே இல்லாத கரையில் தவணைத் தேதி மட்டும் தவறாமல் வந்தது.

இராமேசுவரம் விசைப்படகுகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பெண்கடலின் ஆழமில்லாத அடித்தரையை இழுவைமடி வாரிக்கொண்டு போவதைக் குறைக்க வேண்டி, 2017இல் 80 இலட்ச ரூபாய் மதிப்புள்ள ஆழ்கடல் சூரைமீன் படகுத் திட்டம் வந்தது. மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, படகுக்காரர் பத்து, மீதி 20 வங்கிக் கடன். பழைய படகை ஒப்படைத்துவிட வேண்டும். 2,000 படகு இலக்கு. நிறைவேறியதோ அதில் மிகச் சொற்பம். எழுபது விழுக்காடு இனாமாகக் கிடைத்தும் ஏன் வரவில்லை என்று டில்லியில் வியந்திருக்கக்கூடும். திங்கள், புதன், சனி என்று முறை வைத்து, கடலுக்குப் போய் மறுநாள் திரும்புகிறவன், வாரக்கணக்கில் கடலில் தங்கித் தூண்டில் விடும் தொழிலுக்கு ஒரே கையெழுத்தில் மாறிவிடுவான் என்று எதிர்பார்த்ததில் பிசகு இருந்தது.

இதற்கு நேர்மாறாக, மானியமும் கடனும் இல்லாத ஓர் ஏற்பாடு சின்னப்பாலம் என்ற கரையோர ஊரில் உண்டு. விடியுமுன் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, தீவோரம் முக்குளித்துக் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் எடுக்கும் பெண்கள், தங்களுக்குள் கூடிப் பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே இறங்குவது என்றும், இரும்புச் சுரண்டியை விட்டுக் கையால் மட்டும் பறிப்பது என்றும், விசைப்படகுத் தடைக்காலத்தில் தாங்களும் 45 நாள் ஓய்வது என்றும் முடிவு செய்துகொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு 2015இல் அமெரிக்க அமைப்பான சீகாலஜி தன் பரிசை அளித்தது. பூங்கா எல்லைக்குள் இறங்கும் அதே பெண்ணைப் பரிசு பெற்ற மறுவாரமும் காவலர் நிறுத்தி விசாரிக்கலாம் என்பது வேறு விஷயம்.

பின்னர் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஒரு மிதவைக்கு 1,500 ரூபாய் என்று மதிப்பிட்டு, பெண்களுக்கு அதில் 60 விழுக்காடு மானியம் என்று வைத்தார்கள். ஆக 900 ரூபாய் அரசுடையது, 600 ரூபாய் அவளுடையது. தொண்டியை அடுத்த வளமாவூரில் 127 கோடியே 71 இலட்ச ரூபாய்ச் செலவில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். விதை வங்கியும் அதில் அடங்கும். வாடையிலும் கோடை வெப்பத்திலும் சாகாமல் விதையைக் காத்து, தை பிறந்ததும் கரைக்குக் கொடுக்குமானால் அந்த ஒரு காரியத்துக்காகவே அதை வரவேற்பேன்.

நான் கடைசியாகப் போனபோது கார்த்திகை. பெண்கடல் பெண்கடலாக இல்லை. வாடை அலையை வீட்டுத் திண்ணை வரை கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது. மிதவைகளைக் கழற்றி, மூங்கிலைப் பனையடியில் அடுக்கி, கயிறுகளைச் சுருட்டி மேலே கட்டியிருந்தார்கள். அடுக்கிய மூங்கிலின் நிழலில் உட்கார்ந்து ஒரு பாட்டி, சென்ற பருவத்து முடிச்சு நூல்களில் இற்றுப்போகாதவற்றைப் பொறுக்கித் தனியே எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.