இணையக் கடையும் எளிமை நெறியும்

வாணிகம் தமிழர்க்குப் புதியதன்று. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் பழைய நகரங்களின் தெருக்களிற் பறந்த கொடிகளைப் பலபட எடுத்துரைக்கின்றன. கள் விற்குமிடத்தும் ஒரு கொடி எடுக்கப்பட்டிருந்தமை அவற்றால் அறியக்கிடக்கின்றது. எழுத்தறியாத ஒருவனும் அக்கொடியைக் கண்ட அளவிலே இங்கு விற்கப்படுவது இன்னதென உணர்ந்திருப்பான். இற்றைநாளிலோ கடை கைத்தொலைபேசியின் சிறு திரைக்குள்ளே புகுந்துவிட்டது. அன்று கொடி செய்த தொழிலை இன்று இணையத்து விற்பனைப் பக்கம் செய்தல் வேண்டும். அதற்கு எளிமை துணைபுரிவது எவ்வாறு என்பதும், எளிமையாவது யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சி எமக்குப் புறம்பானதொன்றன்று. மட்டக்களப்பு வாவியின் தென்புறத்தே மருதமுனையிற் கைத்தறிச் சேலையும் சாரமும் நெய்யப்படுகின்றன. படுவான்கரையிலிருந்து எருமைத் தயிர் வருகின்றது. பொருளைச் செய்வோன் ஒருவன். அதனைக் கொள்வோன் தூரத்தே உள்ளான். இடையே நின்ற வணிகனே இதுகாறும் இருவரையும் அறிந்தவன். இணையமோ, தறியில் இருப்பவரையும் கொழும்பிலோ இலண்டனிலோ இருப்பவரையும் நேரே சந்திக்கச் செய்யவல்லது. ஆதலின் விற்பனைப் பக்கம் நன்றாய் அமைதலும் அமையாமையும் ஒரு குடும்பத்தின் அடுப்பெரிதலைத் தொடுகின்ற செய்தியாகும்.

என்னிடம் முன்னர்க் கற்ற மாணவர் ஒருவர், நெசவுக் குடும்பத்தவர், தாம் அமைத்த விற்பனைப் பக்கத்தை என்னிடம் காட்டினார். திறந்தவுடன் இசை ஒலித்தது. படங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் ஓடின. குடும்பத்தின் வரலாறு நீண்டுசென்றது. அதன் கீழே நாற்பது சேலைகள் வரிசையும் வகையுமின்றிக் கிடந்தன. விலை எங்கும் இல்லை, ‘விசாரித்தறிக’ என்றிருந்தது. சேலை நல்ல சேலை. நிறமும் கரையும் கண்ணைக் கவர்வன. எனினும், ‘நான் ஒன்று வாங்க விரும்பின் யாது செய்தல் வேண்டும்?’ என்று வினவினேன். அவர் தாமே அவ்விடத்தைத் தேடுவதற்குச் சிறிதுநேரம் கழிந்தது. பல நாள் உழைத்து நெய்த துணியை வாங்க வந்தவன், வாங்கும் வழி அறியாது திரும்பினான் எனின், அவ்விழப்பினைத் தறியிலிருப்போர் அறியவும் மாட்டார். வெறுங்கையோடு வெளியேறுவோனைத் தெருவிலுள்ள கடைக்காரன் காண்கின்றான். இணையக் கடைக்காரன் காண்பதில்லை.

இனி, மிகுதி எவ்வாறு தடையாகின்றது என்பதைக் காண்பாம். ஐயங்கார், லெப்பர் என்னும் உளநூலார் இருவர் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். கலிபோர்னியாவிலுள்ள உணவுப்பொருட் கடையொன்றில் ஒருபொழுது 24 வகைப் பழப்பாகும், மற்றொருபொழுது 6 வகையும் சுவைத்துப் பார்க்க வைக்கப்பட்டன. 24 வகை இருந்தபொழுது அவ்வழிச் சென்றோருள் நூற்றுக்கு 60 பேர் நின்றனர். 6 வகை இருந்தபொழுது 40 பேரே நின்றனர். ஆயின் நின்றவருள் வாங்கினோரை எண்ணியபோது, முன்னதில் நூற்றுக்கு 3 பேரும் பின்னதில் 30 பேருமாயினர். கூட்டம் சேர்த்தல் வேறு, விற்றல் வேறு என்பது இதனாற் புலனாம்.

எனினும் ஓர் ஆய்வினையே பற்றிக்கொண்டு முடிவுகட்டுதல் அறிவுடைமையாகாது. 2010இல் அறிஞர் சிலர் இத்தகைய சோதனைகள் 50ஐத் திரட்டி நோக்கியபோது, வகைமிகுதியால் விளையும் கேடு சராசரியில் ஏறத்தாழ ஒன்றுமில்லை எனக் கண்டனர். 2015இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, அக்கேடு எப்பொழுது தோன்றும் என்பதனைத் தெளிவாக்கிற்று. வகைகளை ஒப்பிடுதல் அரிதாயிருக்கும்பொழுதும், வாங்குவோன் தனக்கு வேண்டுவது யாதெனத் துணியாதிருக்கும்பொழுதும் அது தோன்றுகின்றது. ஆகவே சேலை நாற்பதாயிருத்தல் குற்றமன்று; நூல், விலை, நிறம் என வகுக்கப்படாமற் கிடத்தலே குற்றம்.

இரண்டாவது தடை, வழியின் நீளம். அமெரிக்கரான ஜாரெட் ஸ்பூல் பெரிய இணையக் கடையொன்றில் நிகழ்ந்ததை எழுதியுள்ளார். அக்கடையிற் பொருளைத் தெரிந்தபின், விலை செலுத்துமுன், பெயரைப் பதிவுசெய்யுமாறு வாங்குவோர் பணிக்கப்பட்டனர். பலர் அவ்விடத்திலேயே பொருளை விட்டு நீங்கினர். பின்னர் ‘பதிவுசெய்க’ என்ற பொத்தானை நீக்கி, ‘தொடர்க’ என்ற பொத்தானை வைத்து, பதிவு கட்டாயமன்று எனவும் எழுதினர். வாங்கி முடித்தோர் தொகை நூற்றுக்கு 45 கூடிற்றென்றும், முதலாண்டில் 30 கோடி டொலர் மேலதிகமாய்க் கிடைத்ததென்றும் அவர் கூறுகின்றார்.

எம்மவர்க்கு இதனை விளக்க வாவியே போதும். மண்முனைத்துறையில் 2014இல் பாலம் திறக்கப்படுமுன், எழுவான்கரையிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் செல்வோர் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறிக் கடந்தனர். துறைக்கு வந்தவனை நிறுத்தி, ‘உன் பிறந்தநாளைக் கூறு, மறைச்சொல் ஒன்று வகுத்துக்கொள், அதன்பின் ஏறுக’ என்று யாரேனும் பணித்திருப்பின், அவன் வீடு திரும்பியிருப்பான். இணையக் கடைகள் பல இவ்வாறே துறையில் ஆளை மறிக்கின்றன. பொருளை அனுப்பப் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் வேண்டும். அவற்றுக்கு மேற்பட்டன யாவும் கடைக்காரனின் ஆவலேயன்றி வாங்குவோனின் தேவையல்ல.

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம். எளிமை வேண்டுமெனின் எல்லாவற்றையும் நீக்கிவிடலாமோ? அன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் நூற்குக் குற்றம் பத்தினை வகுத்தபொழுது, மிகைபடக் கூறலோடு குன்றக் கூறலையும் குற்றமென்றே வைத்தார். விற்பனைப் பக்கத்துக்கும் இவ்விலக்கணம் பொருந்தும். இசையும் ஓடும் படமும் மிகை. விலையை மறைத்தல் குன்றல். சேலையின் நீளம் எத்தனை மீற்றர், இரவிக்கைத் துணி சேர்ந்ததா, பருத்தியா கலப்பா, சாயம் கழலுமா, அனுப்பும் செலவு எவ்வளவு, எத்தனை நாளிற் கிடைக்கும், குறையிருப்பின் மாற்றலாமா என்பவற்றுள் ஒன்று விடுபடினும் வாங்குவோன் ஐயுறுவான், ஐயுற்றவன் வாங்கான். அனுப்பும் செலவை இறுதிப்படியிற் சேர்த்துக் காட்டுவதும் குன்றக் கூறலின்பாற்படும். அதனிடத்து வஞ்சனையின் சாயலும் உண்டு. ஆகவே வாங்குவோன் துணிவதற்கு வேண்டுவனவெல்லாம் இருத்தலும், வேண்டாதன யாவும் இல்லாதிருத்தலுமே எளிமை எனப்படும்.

முற்கூறிய மாணவரும் யானும் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து அப்பக்கத்தைத் திருத்தினோம். இசை நீங்கிற்று. குடும்ப வரலாறு மூன்று வரியாயிற்று. அது முற்றும் நீங்காமைக்குக் காரணம், நெய்தவர் யாரென அறிதலும் வாங்குவோனுக்கு வேண்டுவதே. ஒவ்வொரு சேலையின் கீழும் விலையும் அளவும் எழுதப்பட்டன. ‘இச்சேலை வேண்டும்’ என்ற ஒரு பொத்தானே எஞ்சிற்று. பின்னர், இணையத்தில் ஒன்றும் வாங்கியறியாத என் தமக்கையாரிடம் தொலைபேசியைக் கொடுத்து, ஒரு சேலை வாங்குமாறு கூறினேன். எவரையும் வினவாது அவர் வாங்கி முடித்தார். விற்பனை பன்மடங்காயிற்று என்று கூற யான் துணியேன். ‘விலை என்ன?’ என்று மட்டும் கேட்டு மறைவோர் அருகினர் என்றும், வினவுவோர் வாங்கும் எண்ணத்தோடேயே வினவுகின்றனர் என்றும் அம்மாணவர் கூறினார்.

விற்பனைப் பக்கம் அமைக்கும் இளைஞர்க்கு யான் கூறத்தக்கது இத்துணையே. பக்கத்தை முடித்தபின், அதனை முன்பு கண்டிராத ஒருவர் கையிற் கொடுத்து, வாய் திறவாது அருகிலிருந்து நோக்குக. அவர் தயங்கும் இடமே திருத்தவேண்டிய இடம்.