52-இல் 27 போனால்

பல்லாவரம் வெள்ளிச் சந்தைக்கு ஒருவர் 52 பூச்செடிகள் கொண்டுவருகிறார். மதியத்துக்குள் 27 விற்றுப்போகின்றன. மீதி எத்தனை? மூன்றாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் 30 பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதை எழுதிப்போட்டால், 25 என்ற சரியான விடையோடு வேறு விடைகளும் வரும். ஒரு நோட்டில் 35 இருக்கும், இன்னொன்றில் 26, வேறொன்றில் 79. ஒரு நோட்டில் எதுவுமே இருக்காது. நான்குக்கும் சிவப்பு மையில் ஒரே தப்புக் குறி விழும். நான்கும் நான்கு விதமான தவறுகள்.

35 என்று எழுதிய குழந்தை, ஒன்றுகள் இடத்தில் 2-இல் 7 போகாததால் 7-இல் 2-ஐக் கழித்துவிட்டது. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று எப்போதோ கேட்டது மனத்தில் தங்கிவிட்டது. 52-இல் உள்ள 5 என்பது ஐந்து பத்துகள் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. பத்துக் குச்சிகளை ரப்பர் போட்டுக் கட்டி, ஒரு கட்டைத் தன் கையால் பிரித்துப் பார்த்தால் பிடிபடும். 26 எழுதிய குழந்தைக்குக் கடன் வாங்கத் தெரியும். 12-இலிருந்து விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணும்போது 12-ஐயும் ஒரு எண்ணிக்கையாகச் சேர்த்ததால் ஒன்று பிசகியது. குச்சிக் கட்டு அதற்கு நேர விரயம். 79 எழுதியது கணக்கைப் படிக்கவே இல்லை. இரண்டு எண்களைக் கண்டதும் கூட்டிவிட்டது. எதுவும் எழுதாத குழந்தையைப் பற்றி நோட்டைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அது வீட்டில் ஒடியா பேசும் குழந்தையாக இருக்கலாம். வாக்கியம் புரிந்தால் நொடியில் 25 என்று சொல்லிவிடும். கடைசி வரிசையிலிருந்து பலகை தெரியாத குழந்தையாகவும் இருக்கலாம். அதற்குத் தேவை மூக்குக் கண்ணாடி.

மறுநாள் பாடக்குறிப்பில் ‘கழித்தல் - மீள்பார்வை’ என்று எழுதி முழு வகுப்புக்கும் திரும்ப நடத்தினால், முதல் குழந்தைக்குக் கொஞ்சம் பலன் கிடைக்கலாம். மற்ற மூவருக்கும், ஏற்கெனவே சரியாகச் செய்தவர்களுக்கும் அந்த 40 நிமிடம் வீண். தவறுக்கான காரணத்தைத் தேடி, அடுத்த பாடத்தை அந்தக் காரணத்துக்கு ஏற்ப அமைப்பதே மாணவரின் தனித்தேவை அறிந்து திட்டமிடுதல் எனப்படுவது.

தாம்பரம் வட்டாரத்தில் இந்தத் தேவை பளிச்சென்று தெரியும். 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் உள்ளிட்ட 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. இங்குள்ள விமானப்படைத் தளமும் ரயில்வே பணிமனையும் ஊர்விட்டு ஊர் மாறும் குடும்பங்களை வரவழைக்கின்றன. 1984 முதல் இயங்கும் மெப்ஸ் ஏற்றுமதி வளாகமும், ஓயாத கட்டட வேலையும் வெளிமாநிலத் தொழிலாளர்களை அழைத்துவருகின்றன. கிழக்கே பெரும்பாக்கத்தில், சென்னை நகரின் ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டன. கல்வியாண்டின் நடுவில் பள்ளி மாற நேர்ந்த பிள்ளைகளுக்கு எந்தப் பாடம் எங்கே விட்டுப்போனது என்பது அவர்களுக்கே தெரியாது. செங்கல்பட்டு மாவட்டத்தின் இருளர் குடியிருப்புகளிலிருந்து, வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் குழந்தைகளும் உண்டு. இத்தனை பேரும் ஒரே அறையில் உட்காரும்போது, ‘சராசரி மாணவர்’ என்று மனத்தில் ஒருவரை வைத்துப் பாடம் நடத்தினால், அந்தச் சராசரி மாணவர் அன்று வகுப்புக்கு வந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

இது ஆசிரியரின் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயமும் அல்ல. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, அதற்கேற்பக் கூடுதலாகக் கற்பிப்பதை ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. 25 சதவீத இடஒதுக்கீட்டுக்காகப் பேசப்படும் அளவுக்கு இந்தச் சட்டம் இந்தப் பிரிவுக்காகப் பேசப்படுவதில்லை.

ஒரே வயதுப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்து ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்துவது தமிழ்நாட்டுக்குப் பிற்காலத்தில் வந்த பழக்கம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு என்று ஒன்று கிடையாது. ஒருவன் மணலில் அகரம் எழுதிக்கொண்டிருப்பான். பக்கத்தில் ஒருவன் எண்சுவடி ஒப்பிப்பான். முன்னே போனவன் சட்டாம்பிள்ளையாகி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789-இல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண்கள் அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் இல்லத்திலும் அதைக் கொண்டுவந்தார். தெரிந்த மாணவனைக் கொண்டு தெரியாத மாணவனுக்குக் கற்பிக்கவும் செய்தார். 1797-இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. திண்ணையை மிகைப்படுத்தவும் வேண்டாம். பிரம்பும் மனப்பாடமும் அங்கே தாராளம். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஏற முடிந்த திண்ணைகளும் அல்ல அவை. ஆனால் பாடம் அவரவர் நின்ற இடத்திலிருந்து தொடங்கியது என்பது உண்மை.

அந்த எண்ணம் சென்னைக்குத் திரும்பி வந்தது 2003-இல். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆந்திரத்தின் ரிஷிவேலி கல்வி வள மையத்தில் பத்மநாப ராவ், ரமா இணையர் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையே அதன் மூலம். 2007-08 கல்வியாண்டில் அது தமிழ்நாட்டின் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது.

அந்த ஆண்டுகளில் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்தவர்களுக்கு முதலில் கண்ணில் பட்டது மேசையும் நாற்காலியும் இல்லாத அறை. ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார். சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், ஆளுக்கு ஒரு துண்டுக் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்தவை தொங்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் படிப்படியாக மேலேறும் ஏணிப் படம் ஒன்று சுவரில் இருக்கும். படிக்கு ஒரு சின்னம். குழந்தை தன் படியைப் பார்த்து, அதே சின்னம் உள்ள அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். அட்டையின் வகையைப் பொறுத்து அது ஆறு குழுக்களில் ஒன்றில் உட்காரும். ஆசிரியரின் முழு உதவி தேவைப்படுவோர் ஒரு குழு. பகுதி உதவி போதும் என்போர் அடுத்தது. சக மாணவரின் முழு உதவியோடும் பகுதி உதவியோடும் கற்போர் இரண்டு குழுக்கள். தானே கற்போர், மதிப்பீடு எழுதுவோர் மீதி இரண்டு. பத்து நாள் அம்மை போட்டு வீட்டில் இருந்த குழந்தை, திரும்பி வந்ததும் விட்ட படியிலிருந்தே தொடர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும் பாடத்தைத் துரத்திப் பிடிக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. இந்த முறையின் மிகப் பெரிய வரவு இதுதான் எனலாம்.

குறைகளும் இருந்தன. வீட்டுப்பாடமும் புத்தகமும் காணாத பெற்றோர், பிள்ளை என்ன படிக்கிறது என்று தெரியாமல் தவித்தனர். சில வகுப்புகளில் ஆசிரியர் அட்டையை எடுத்துக்கொடுத்துக் கணக்கு வைக்கும் எழுத்தராகிப்போனார். அட்டை எத்தனை நுணுக்கமாக இருந்தாலும், 35 எழுதிய குழந்தை ஏன் 35 எழுதியது என்று அதற்குத் தெரியாது.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது இடைவெளி இன்னும் அகலமாயிற்று. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, தன்னார்வலர்களைக் கொண்டு மாலை வகுப்புகள் நடத்தியது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலறிஞர்கள் நடத்திய ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் இழப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாகவும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு மாலை வகுப்புகளால் வந்ததாகவும் கண்டது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் இயக்கம் வந்தது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அது அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பார்க்கிறது. அடுத்த ஆண்டு நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. மூன்றாம் வகுப்புக் குழந்தை அரும்பில் இருக்கலாம். அதற்கான பயிற்சி நூல் கையில் இருக்கும். வகுப்பைப் பாராமல் நிலையைப் பார்த்துப் பிரித்துக் கற்பித்தால் பலன் உண்டு என்பதற்குச் சான்று தேடிய ஆய்வுகளில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் பிரதம் அமைப்புடன் மும்பையிலும் வதோதராவிலும் தொடங்கியவை முக்கியமானவை. இருவரும் 2019-இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இனி, அன்றாடத் திட்டமிடல். 30 பிள்ளைகளுக்கு 30 பாடக்குறிப்பு எந்த ஆசிரியராலும் எழுத முடியாது, எழுதவும் வேண்டியதில்லை. புதிய பாடம் தொடங்குமுன் நான்கைந்து கேள்விகள் கேட்டு, தவறுகளைக் காரணவாரியாகப் பிரித்தால் பெரும்பாலும் மூன்று குவியல் சேரும். முன்னறிவிலேயே ஓட்டை உள்ளவர்கள், பாடத்தை இப்போதே தொடங்கலாம் என்ற நிலையில் இருப்பவர்கள், ஏற்கெனவே தெரிந்தவர்கள். பாட நோக்கம் மூவருக்கும் ஒன்றே; போகும் வழியும் கைப்பொருளும் வேறு. முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் பொது. பிறகு ஆசிரியர் முதல் குழுவோடு குச்சிக் கட்டுகளுடன் உட்காரும்போது, இரண்டாம் குழு இரண்டு பேராகச் சேர்ந்து கணக்குச் செய்யும். மூன்றாம் குழு சந்தைக் கதைபோல் ஒரு கணக்கைத் தானே கட்டி எழுதும். இந்த மூன்றாம் குழுவை மறந்துவிடுவதே வழக்கமாக நடப்பது. மெல்லக் கற்போர் பட்டியல் எல்லாப் பள்ளியிலும் இருக்கும். மீத்திற மாணவர்களுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் கூடுதலாக இருபது கணக்கு என்ற தண்டனைதான்.

மொழிச் சிக்கலுக்குச் செலவில்லாத வழிகள் உண்டு. கணக்கை வாய்மொழியாகச் சொல்வது ஒன்று, படமாக வரைவது இன்னொன்று. அதே தாய்மொழி தெரிந்த மாணவரைப் பக்கத்தில் உட்காரவைக்கலாம். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்துப் பாடம் நடத்தச் சொல்லும் பயிற்சி மட்டும் தவிர்க்கத்தக்கது. அந்தப் பிரிவினை காதுக்கு இனிமையானது; அதன்படி கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதும் குழந்தையை, வாசிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போகும் குழந்தையைச் சோம்பேறி என்று முடிவுகட்டுமுன் டிஸ்லெக்ஸியா இருக்குமா என்று பார்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் பெற்றவர்களுக்கு அரசுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. தாம்பரம் பக்கத்துப் பெற்றோருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் வந்துபோகிறார்கள். வகுப்பாசிரியர் தம் திட்டத்தை அவர்களிடம் முன்கூட்டியே காட்டினால்தான் அந்த வருகை பயன்படும்; இல்லாவிட்டால் வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்தோடு முடியும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பது ஆசிரியர்களின் நியாயமான கேள்வி. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளிகள் உண்டு. செயலியில் மதிப்பீட்டு விவரம் ஏற்றுவதிலேயே கற்பிக்கும் நேரம் கரைகிறது என்ற புகாரும் நீண்ட நாளாக இருக்கிறது. மேலே அனுப்பப்படும் எண் வகுப்பறைக்குத் திரும்பி வராவிட்டால் அதனால் குழந்தைக்கு லாபமில்லை. ஆசிரியரின் நோட்டில் பெயருக்கு எதிரே ‘இட மதிப்பு’, ‘வாசிப்பு’, ‘கண்’ என்று ஒற்றைச் சொல்லாகக் கிடக்கும் குறிப்பு அதைவிட உதவும்.

குழுக்களும் நிலையானவை அல்ல. கழித்தலில் முதல் குழுவில் இருக்கும் குழந்தை, அளவைகளில் மூன்றாம் குழுவில் இருக்கலாம். காய்கறிக் கடைக்காரரின் பிள்ளைக்கு எடைக்கல்லைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே வகையில் வேறு கணக்கு கொடுத்துப் பார்க்க வேண்டும். மின்சார ரயில் பெட்டியில் 61 பேர், தாம்பரத்தில் 38 பேர் இறங்குகிறார்கள், மீதி எத்தனை? முன்பு 35 எழுதிய குழந்தை இப்போது 37 என்று எழுதினால், குச்சிக் கட்டை இன்னொரு முறை பிரிக்க வேண்டும். 23 என்று எழுதினால், அடுத்த குழுவில் அதற்கு இடம் போட வேண்டும்.