கோட் வந்துவிட்டதா? கியர் பாக்ஸை இறக்க அவசரப்படாதீர்கள்

பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப் ஒன்று திடீரென்று ஒரே கியரில் நின்றுகொண்டு மேலே ஏற மறுத்தால், காரைக்கால் கடலோரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்பைத்தான். கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளின் அடிப்பகுதியை ஒருமுறை குனிந்து பாருங்கள். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் பின்தட்டின் ஓட்டைகள் வழியே சொட்டிச் சொட்டி, கியர் பாக்ஸை ஒட்டிப் போகும் ஒயர்களில் வழிந்திருக்கும். கனெக்டரைக் கழற்றினால் பின்களில் பச்சைக் களிம்பு. இந்தக் களிம்பைத் துடைத்தாலே தீரக்கூடிய கோளாறுக்கு, கியர் பாக்ஸையே இறக்கிப் பெரும் செலவு இழுத்துவிடுவது தடுக்கக்கூடிய அநியாயம்.

நம் ஊரில் லோடு வண்டிகள் பெரும்பாலும் கையால் கியர் போடுபவை. அதனால் ஆட்டோமேட்டிக் வந்து நின்றால் பல ஷெட்டுகளுக்கு அது பழக்கமில்லாத வேலை. வாடிக்கையாளருக்கு விஷயம் தெரிந்திருப்பது இங்கே இரட்டிப்பு அவசியம்.

கியர் பாக்ஸுக்குள் நுழையும் தண்டின் சுழற்சியை ஒரு சென்சார் எண்ணுகிறது, வெளியேறும் தண்டின் சுழற்சியை இன்னொன்று எண்ணுகிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்துத்தான் கட்டுப்பாட்டு யூனிட், போட்ட கியர் சரியாக விழுந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்கிறது. ஒரு எண்ணிக்கை அறுந்தால், கியர் பாக்ஸைக் காப்பாற்ற வண்டியை ஏதாவது ஒரு கியரில் பூட்டிவிடும். இதைத்தான் ‘லிம்ப் மோட்’ என்கிறார்கள். வண்டி வீடு வந்து சேரும், வேகம் பிடிக்காது. அந்த நிலையில் லோடு ஏற்றி நாகப்பட்டினம் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். எண்ணெய் சூடேறி, இல்லாத பழுதும் வந்து சேரும்.

ஸ்கேனர் போட்டால் பி0715 என்றோ பி0720 என்றோ வரலாம். முதலாவது உள்வேக சென்சாரின் மின்சுற்றுக் கோளாறு, இரண்டாவது வெளிவேக சென்சாரின் மின்சுற்றுக் கோளாறு. சென்சார், ஒயர், கனெக்டர், எர்த், யூனிட் எல்லாம் அந்தச் சுற்றுக்குள் அடக்கம். கோட் வந்த உடனே ‘சென்சார் போச்சு’ என்பது பாதி வேலை. ‘கியர் பாக்ஸ் போச்சு’ என்பது அதுகூட இல்லை. பி0700 மட்டும் வந்தால், உள்ளே ஏதோ பதிவாகியிருக்கிறது என்ற தகவல் அவ்வளவுதான். மலிவான புளூடூத் கருவிகள் பல அங்கேயே நின்றுவிடும். கியர் பாக்ஸ் யூனிட்டுக்குள் போய்ப் படிக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும். இன்னொன்று: கோடை அழிப்பதற்கு முன் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் உங்கள் சாட்சியும் போய்விடும்.

பிறகு பேட்டரி வோல்டேஜ், எர்த் கேபிள். எண்ணெய் சிவப்பாக இருக்கிறதா, கருகிய வாடை அடிக்கிறதா? வெள்ளத்தில் நின்ற வண்டியில் எண்ணெய் பால் கலந்தாற்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அது வேறு வைத்தியம். எண்ணெய் நன்றாக இருந்தால் கனெக்டர். அடுத்து மல்டிமீட்டர்: இரண்டு ஒயர் சென்சார் என்றால் அதன் மின்தடையைத் தயாரிப்பாளர் கொடுத்த அளவோடு ஒப்பிட வேண்டும், மூன்று ஒயர் என்றால் மின்சாரம், எர்த், சிக்னல் மூன்றும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டே ஸ்கேனரில் வேகக் கணக்கைப் பார்ப்பது. எண் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால் சந்தேகம் உறுதிப்படும். சென்சாரைக் கழற்றினால் காந்த முனையையும் பாருங்கள். அங்கே இரும்புத் துகள் திட்டாகப் படிந்திருந்தால் மட்டும் கியர் பாக்ஸின் உள்தேய்மானத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது.

இது சின்ன விஷயமல்ல என்பதற்கு அமெரிக்கச் சாட்சி உண்டு. 2011 முதல் 2013 வரையிலான ஃபோர்டு எஃப்-150 பிக்கப்களில் வெளிவேக சென்சாரின் சிக்னல் அறுந்து, ஓடும் வண்டி திடீரென்று முதல் கியருக்கு இறங்கும் அபாயம் இருந்தது. 2019-ல் சுமார் 15 லட்சம் வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைத்தது. 2024-ல் 2014 மாடலில் இன்னும் ஐந்தரை லட்சம். பரிகாரம் சாஃப்ட்வேர் புதுப்பிப்பு, இலவசமாக. இங்கே 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயத் திரும்ப அழைப்பு விதி, ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். பழைய வண்டி வைத்திருப்பவருக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. ஆனால் பழுது பார்ப்பதும் ஒரு சேவை. அதில் குறை இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வண்டியின் வயதைக் கேட்பதில்லை.

வேலைக்கு முன் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். வந்த கோட், அளந்த எண், மாற்றப்போகும் பாகம், கூலி எல்லாம் அதில் இருக்க வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள். பில் தர மறுப்பதை இதே சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்று வரையறுத்திருக்கிறது. ‘ஸ்கேனரும் பாகமும் கம்பெனியிடம்தான் கிடைக்கும்’ என்ற பதிலும் முழுச் சமாதானம் ஆகாது. உதிரிபாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தாலும், சுயேச்சையான பட்டறைகளுக்கும் கருவி கிடைக்க வேண்டும் என்ற வாதத்துக்குப் பலம் சேர்த்த உத்தரவு அது.

காரைக்கால்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். வாஞ்சூர் தாண்டினால் நாகூர், பூவம் தாண்டினால் தரங்கம்பாடி. பெரிய வேலைக்கு வண்டி பெரும்பாலும் தமிழ்நாட்டுக்குள்தான் போகிறது. ஏமாந்தால் அந்த ஊருக்கே அலைய வேண்டும் என்று பலரும் வழக்கைக் கைவிட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. பழைய சட்டத்தில் இல்லாத வசதி இது: நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற இலவச நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிட்டுப் பாருங்கள். சில பட்டறைகள் அங்கேயே வழிக்கு வரும்.

‘வியாபார வண்டி, உனக்கு நுகர்வோர் சட்டம் செல்லாது’ என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பிழைப்புக்காகத் தானே ஓட்ட லாரி வாங்குபவரும் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. மீனோ ஐஸோ ஏற்றித் தானே ஓட்டிப் பிழைப்பவர் இந்தத் தீர்ப்பைச் சொல்லி வாதாடலாம்.

பணம் கட்டாமல் வண்டியை விட மாட்டேன் என்றால், செய்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளை நிறுத்திவைக்க 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு பட்டறைக்கு இடம் தருகிறது. மல்லுக்கட்டாதீர்கள். ‘ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று பில்லிலேயே எழுதி, அதைப் படம் எடுத்துக்கொண்டு, பணத்தை வங்கி வழியாகக் கட்டி வண்டியை எடுத்து வாருங்கள். வேறு யாரும் கை வைப்பதற்கு முன் இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டி, அவர் கண்டதைக் கையெழுத்தோடு எழுதி வாங்கிவிடுங்கள்.